புகைப்பவர் யார்? மடுவும் மன்னாரும் பழகிய புகைகள்



மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் பாதையில், இருபுறமும் காடு நெருங்கி வரும் இடத்தில், சிறிய நிலையம் ஒன்று இருக்கிறது. மடு வீதி என்பது அதன் பெயர். அங்கே இறங்கி ஏறக்குறைய 12 கிலோமீற்றர் உள்ளே போனால் மடு மாதா கோயில். ஆடித் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் சனம் வந்து இறங்குகிற இந்த இடத்தை அரசாங்கத் தமிழ் 'புகையிரத நிலையம்' என்று எழுதுகிறது. பேச்சில் எல்லோருக்கும் அது ரயில்தான். அச்சிலும் அறிவித்தலிலும் புகையிரதம் இன்னும் அசையாமல் நிற்கிறது. மடுவுக்குப் போகும் யாத்திரிகர் முதலில் சந்திக்கும் புகைப்பவர், ஆக, ஓர் இயந்திரம்.

புகை விடுவது, புகை பிடிப்பது, புகை போடுவது, புகை காட்டுவது என்று தமிழில் தனித்தனியாக நிற்கும் வேலைகளை ஆங்கிலத்தின் 'ஸ்மோக்கர்' என்ற ஒரே சொல் அள்ளிக்கொள்கிறது. சிகரெட் பிடிக்கும் ஆள், சிகரெட் பிடிக்க ஒதுக்கிய ரயில் பெட்டி, தேனீ வளர்ப்பவரின் கையில் இருக்கும் துருத்தி, மீனையும் இறைச்சியையும் பதப்படுத்தும் அடுப்பு, ஆண்கள் கூடிக் களிக்கும் இரவு விருந்து, ஆழ்கடலின் அடியில் கறுப்பு நீரைக் கக்கும் குழாய் எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர். பிரான்ஸ்காரர் இன்னும் ஒருபடி மேலே போய், விருந்துக்கு உடுத்தும் கறுப்புக் கோட்டுக்கே 'ஸ்மோக்கிங்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மன்னார்த் தீவும் அதன் எதிர்க்கரையும் மடுக் காடும் சேர்ந்த சிறிய நிலப்பரப்பில் இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு உயிருள்ள உதாரணங்கள் கிடைக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: புகையைப் பயன்படுத்துகிற மனிதர் காற்றுக்கு எந்தப் பக்கத்தில் நிற்கிறார்?

ரயிலிலேயே தொடங்கலாம். இலங்கையின் முதல் ரயில் 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடியது. மன்னார்ப் பாதைக்கு அதன்பின் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் சேவை தொடங்கியபோது, சென்னையில் ஏறியவர் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்பு வந்து சேர வழி பிறந்தது. மலையகத் தோட்டங்களுக்கு வந்த எத்தனையோ குடும்பங்கள் இலங்கை மண்ணில் முதல் பயணத்தைத் தொடங்கியது இந்தப் பாதையில்தான். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறி, 1980களில் நின்றுபோனது. 1990இல் யுத்தம் ரயிலையும் நிறுத்தியது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் போன இடம் தெரியாமல் போயின. 2013 மே மாதத்தில் மடு வீதி வரையும், 2015 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறை வரையும் ரயில் திரும்பி வந்தது. பாதையைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தது இந்திய அரசின் இர்கொன் நிறுவனம்.

நீராவி எஞ்சின்களின் இடத்தை 1950களிலிருந்து டீசல் எஞ்சின்கள் பிடித்துக்கொண்டன. கனடா அன்பளிப்பாகத் தந்த எஞ்சின்கள் அந்த நாட்டின் மாகாணங்களுடைய பெயர்களோடு இங்கே ஓடின. புகை குறைந்தது, பெயர் குறையவில்லை. ரயிலுக்குள் இருந்த இன்னொரு புகைப்பவரின் கதை பிரித்தானியாவில் நடந்தது. பெட்டிக்குள் சுருட்டுப் பிடிப்பவர்களுக்கும் மற்றப் பயணிகளுக்கும் ஓயாத தகராறு. 1868ஆம் ஆண்டின் ரயில்வேச் சட்டம், புகைப்பவர்களுக்கெனத் தனிப்பெட்டி ஒதுக்க வேண்டும் என்று கம்பனிகளைக் கட்டாயப்படுத்தியது. புகை மற்றவர் மூக்குக்குள் போகக்கூடாது என்று சட்டம் எழுத மனிதர் அப்போதே தொடங்கிவிட்டார்கள்.

மனிதப் புகைப்பவருக்கு வருவோம். வடக்கில் பழைய ஆட்கள் 'சுருட்டுப் பத்துவார்' என்று சொல்வார்கள். மரியாதைக்குரிய பெரியவரைப் பற்றியும் அப்படித்தான் சொல்வார்கள், அதில் குறை சொல்லும் தொனி இருக்காது. பெட்டிக்கடைத் தூணில் முனை கனிந்தபடி தொங்கும் தும்புக் கயிறு ஒன்றைப் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒற்றைச் சிகரெட்டை வாங்கியவர் நெருப்புப் பெட்டியைத் தேட வேண்டாம். கயிற்றை எடுத்து ஊதினால் நுனி சிவக்கும், அதில் பற்றவைத்துக்கொண்டு நடையைக் கட்டலாம்.

யாழ்ப்பாணப் புகையிலையின் பெருமை ஒருகாலத்தில் கடல் கடந்தது. 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது பெரும்பாலும் மெல்லும் புகையிலை. வெட்டிய இலையை மூடிய குடிலுக்குள் கட்டித் தொங்கவிட்டு, பொச்சுமட்டையைக் கனியவைத்துப் புகை போட்டுப் பதப்படுத்தினார்கள். மலையாளக் கரையின் நாக்கு அந்தப் புகை மணத்தை விரும்பியது. அந்தச் சந்தை 20ஆம் நூற்றாண்டில் கைவிட்டுப் போனபோது, சுருட்டு முன்னுக்கு வந்தது. சுருட்டுக் கொட்டில்கள் வடக்கின் தனிப் பள்ளிக்கூடங்கள். வரிசையாக இருந்து இலை சுற்றுகிறவர்கள் கைவேலையை நிறுத்தாமலே பத்திரிகை கேட்டார்கள், ஒருவர் உரக்க வாசிப்பார். எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் உலகப் போர் பற்றியும் வேலைநிறுத்தம் பற்றியும் வாதாடப் பழகியது இப்படித்தான். உலகின் மறுகோடியில் கியூபாவிலும் இதே வழக்கம் உண்டு. ஹவானாவின் சுருட்டு ஆலையொன்றில் 1865இல் வாசிப்பவர் ஒருவர் அமர்த்தப்பட்டார். அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் தொழிலாளர்களே. அந்த வாசிப்பில் அவர்கள் விரும்பிக் கேட்ட நாவல் ஒன்றின் பெயரே பிறகு 'மொண்டேகிறிஸ்ரோ' என்ற சுருட்டு வகைக்கும் வந்தது. புகையிலையின் கணக்கில் வரவாக எழுதக்கூடியது ஏதாவது உண்டென்றால், இந்த வாசிப்பைத்தான் எழுத வேண்டும்.

மன்னார்க் கரை இந்தக் கதையில் வேறொரு பக்கத்தால் சேர்கிறது. பீடி சுற்றும் இலை இலங்கைக் காடுகளின் இலை அல்ல, இந்தியாவிலிருந்து வர வேண்டும். இறக்குமதி வரி கூடியபோது கள்ளத்தோணி லாபமானது. பேசாலை, தலைமன்னார், வங்காலைக் கரைகளில் பீடி இலை மூட்டைகளைக் கடற்படை பிடித்தது என்ற செய்தி இன்று யாரையும் ஆச்சரியப்படுத்துவதில்லை. அலையில் நனைந்து கரையொதுங்கிய மூட்டைகளும் உண்டு.

இனிக் காட்டுக்குள் போகலாம். மடுக் கோயிலின் பிறப்பே காட்டில் ஒதுங்கியவர்களின் கதை. ஒல்லாந்தரின் கெடுபிடிக்குத் தப்பி 1670இல் மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் இங்கே தங்கின என்பது மரபு. அதற்கு 9 ஆண்டுகளுக்குப் பின், இதே காட்டின் தெற்குப் பக்கமாக இன்னொருவர் தப்பி வந்தார். கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் சிறையிருந்த ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ், தன் தோழரோடு அருவியாற்றின் கரையைப் பிடித்து நடந்து, 1679 ஒக்ரோபரில் அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் வந்து சேர்ந்தார். வழியில் அதிகாரி ஒருவர் மறித்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டபோது, வற்றல் மானிறைச்சி வாங்க வந்தோம் என்றார்கள். அந்தப் பக்கத்தில் அது நம்பக்கூடிய காரணமாக இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. இரவில் படுக்கும்போது விலங்குகளுக்குப் பயந்து நெருப்பு மூட்டிக்கொண்டு படுத்தார்கள்.

நொக்ஸின் நூல் 1681இல் லண்டனில் அச்சானது. தீவின் தேனீக்களைப் பற்றி அதில் சுவையான பகுதியொன்று இருக்கிறது. மூன்று வகைத் தேனீக்களைப் பிரித்துச் சொல்கிறார். ஊர் ஊராக நாற்பது ஐம்பது பேர் திரண்டு காட்டுக்குப் போய்த் தேனோடு திரும்புவதையும், மரக்கிளையில் தொங்கும் பெருந்தேனீக் கூட்டத்தின் கீழே தீப்பந்தம் பிடித்து அவற்றை விழுத்துவதையும் எழுதியிருக்கிறார்.

வன்னிக் காட்டில் தேன் எடுக்கப் போகிறவர் இன்று பிடிப்பதும் அதே பந்தத்தின் உறவுக்காரன்தான். காய்ந்த சருகை உள்ளே வைத்து, பச்சைக் குழையை மேலே சுற்றிக் கொடியால் இறுக்கிக் கட்டுகிறார். சருகு நெருப்பைப் பிடித்துவைக்கும். குழை அதைச் சுவாலை எழாமல் அடக்கி வெள்ளைப் புகையாக வெளியே விடும். கட்டைத் தடியில் மாட்டி, காற்று வரும் பக்கத்தில் நின்றுகொண்டு, புகை வதையைத் தழுவும்படி பிடிக்க வேண்டும். பக்கம் மாறி நின்றால் இருமல் முந்தும், பிறகு கொட்டு. ஈக்கள் விலகியதும் வதையின் தேன்பகுதியை மட்டும் வெட்டிக்கொண்டு, முட்டையும் குடம்பியும் உள்ள பகுதியைக் கிளையிலேயே விட்டுவிடுகிறவர் நல்ல தேன்காரர். அடுத்த ஆண்டும் அதே காட்டுக்கு வரப்போகிறவர் அவர். வறட்சிக் காலத்தில் பந்தத்தைக் கண்டபடி எறிந்து காட்டையே எரித்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் தேன்காரர் என்று சொல்லக்கூடாது.

பெட்டியில் தேனீ வளர்க்கும் மேலைநாட்டார் இதே புகையைத் தகரக் குவளைக்குள் அடக்கித் துருத்தியால் ஊதும் கருவியாக்கினார்கள். அமெரிக்காவின் மோசஸ் குயின்பி 1873இல் செய்த வடிவமே இன்றைய கருவிக்கு மூத்தது. புகை தேனீயை என்ன செய்கிறது என்பதற்கு இரண்டு பதில்கள். காடு எரிகிறது என்று எண்ணி, கூட்டை விட்டு ஓடுவதற்காக அவை வயிறு நிறையத் தேன் குடிக்கின்றன, வயிறு நிறைந்தது கொட்ட வராது. மற்றது மணம் பற்றியது. காவல் தேனீ ஆபத்தைக் கண்டதும் வாழைப்பழ மணமுள்ள ஓர் இரசாயனத்தை வெளியிட்டு மற்றவற்றைக் கூப்பிடும். புகை பட்ட உணர்கொம்புகளில் அந்த மணம் உறைப்பது குறைகிறது என்பதை 1995இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. சற்று நேரத்தில் உணர்வு திரும்பிவிடும். தேன்காரர் அவசரப்படுவதன் காரணம் அதுதான்.

உணவுக்கு வந்தால், மன்னாரில் ஒரு விசித்திரம். இவ்வளவு மீன் பிடிக்கும் கரையில் மீனுக்குப் புகை போடும் வழக்கம் வேரூன்றவில்லை. காரணம் எளிது. சோளகம் வீசும் மாதங்களில் மழையே இல்லை, வெயில் கொளுத்துகிறது, உப்பளம் பக்கத்திலேயே இருக்கிறது. கீறி, உப்பிட்டு, மணலில் அல்லது பந்தலில் பரப்பினால் கருவாடு தானாக ஆகிவிடுகிறது. ஈரக் காற்றின் நடுவே வாழும் மாலைதீவு மக்கள் வெயிலை மட்டும் நம்ப முடியாது. அவர்கள் சூரையை அவித்து, புகை போட்டு, பிறகு காயவைத்து மரக்கட்டையைப் போல இறுகச் செய்தார்கள். அதுதான் மாசி. இலங்கையின் சமையலறைகள் அதை இடித்துச் சம்பலிலும் கறியிலும் நூற்றாண்டுகளாகப் போடுகின்றன. அவற்றுக்குள் புகை போட்ட மீன் கடல் வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

இறைச்சி விஷயம் வேறு. காட்டுக்குள் வெட்டிய இறைச்சியை உடனே ஈயிடமிருந்து காப்பாற்ற வேண்டும். கீலம் கீலமாக அரிந்து, தடிகளால் கட்டிய தட்டியில் பரப்பி, கீழே கங்கைக் கனியவைத்து வாட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் அது அடுப்புக்கு மேலே கட்டிய பரணில் தொங்கியது. நொக்ஸ் வாங்க வந்ததாகச் சொன்ன சரக்கு இப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். 1937ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு காட்டு மான் இறைச்சி வைத்திருப்பது குற்றம். அது குற்றமாகவே இருக்கட்டும். மடுவைச் சூழ்ந்த காட்டில் மிஞ்சியிருக்கும் மான்கள் பரணுக்குப் போக வேண்டியவை அல்ல.

வாழைக்குலைக்குப் புகை போடுவதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், அது அழகான வேலை. முற்றிய குலையைச் சீப்புச் சீப்பாக வெட்டி, நிலத்தில் வெட்டிய கிடங்குக்குள் வாழைச் சருகு பரப்பி அடுக்குகிறார்கள். மேலே தடி, சருகு, அதன்மேல் மண். ஒரு மூலையில் மட்டும் துளை. அடியில் ஓட்டையிட்ட பழைய மண்பானைக்குள் பொச்சுமட்டையைக் கனியவைத்து, பானை வாயைத் துளையோடு பொருத்தி, ஓட்டை வழியே ஊதுகிறார்கள். கிடங்கு நிறையப் புகை போனதும் துளையை மண்ணால் அடைத்துவிடுவது. காலையும் மாலையும் இப்படி ஊதினால், இரண்டு மூன்று நாளில் குலை மஞ்சளாகி மணக்கும். பழுக்கவைப்பது புகையில் இருக்கும் எதிலீன் என்ற வாயு. புகை போட்டு மாமரத்தையும் அன்னாசியையும் பூக்கவைத்த பிலிப்பைன்ஸ், அசோரஸ் தோட்டக்காரர்களும் பெயர் தெரியாமலே இதே வாயுவோடு வேலை செய்தவர்கள்தான். வாழைக் கிடங்கில் புகை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மண்ணுக்குள் அடைபட்டு இருக்கிறது. ஊதுகிறவர் வெளியே.

மாட்டுப் பட்டிகளில் மாலையானதும் சாணி எருவும் வேப்பங்குழையும் போட்டு மூட்டம் போடுவது வன்னியின் பழக்கம். காற்று வரும் பக்கத்தில் மூட்டத்தை வைத்தால் புகை பட்டி முழுவதும் படர்ந்து போகும். ஈயும் நுளம்பும் விலகும். மாடுகள் அதைத் தெரிந்து புகைக்குள் வந்து நெருங்கி நிற்கும். மேய்ப்பவர் தள்ளியே இருப்பார்.

நுளம்பு வன்னியை ஆண்டது. மலேரியாவுக்குப் பயந்து ஊர்களே காலியான வரலாறு இந்தப் பகுதிக்கு உண்டு. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. சில மாதங்கள் போகுமுன், அதே ஆண்டின் டிசம்பரில், இந்தியாவில் நகர மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்ரெபென்சி நுளம்பு இலங்கையில் முதன்முறையாக மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. அது குளத்தையும் வயலையும் தேடாமல் வீட்டுக் கிணற்றிலும் தொட்டியிலும் முட்டையிடும் இனம். கிணறு கிணறாகப் போய்க் குடம்பி தேடியதும், குடம்பி தின்னும் மீன்களை விட்டதும்தான் அதற்கு எதிராக நடந்த உண்மையான வேலை. இயந்திரத்தால் புகை விசிறுவது பறக்கும் நுளம்பை மட்டுமே கொல்லும், நீரில் இருப்பதைத் தொடாது. சத்தமும் மேகமும் சனத்துக்குத் தைரியம் தருவதால் அதையே பெரிய வேலையாக எண்ணிவிடுகிறோம்.

வீட்டுக்குள் கொளுத்தும் நுளம்புத் திரி இதைவிடக் கவலைக்குரியது. மலேசியாவிலும் சீனாவிலும் விற்ற திரிகளை 2003இல் ஆராய்ந்தவர்கள், ஒரு திரி முழுதாக எரிந்து விடும் நுண்துகள்களின் எடை 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று கணக்கிட்டார்கள். யன்னலை அடைத்து, பிள்ளையின் தலைமாட்டில் திரியைக் கொளுத்தி வைத்துவிட்டு, இந்த வீட்டில் யாரும் பத்துவதில்லை என்று நாம் நிம்மதியாகப் படுக்கிறோம்.

வழிபாட்டுப் புகையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மடுத் திருவிழாவில் ஆராதனையின்போது தூபக்கலசம் ஆடுகிறது. திருக்கேதீஸ்வரத்தில் தூபம் காட்டப்படுகிறது. மன்னாரின் முஸ்லிம் வீடுகளில் சாம்பிராணி மணக்கிறது. மூன்று சமயங்களும் ஒரே மணத்தைப் பகிர்ந்துகொள்ளும் கரை இது. அந்த மணத்தோடு வளர்ந்தவர்களுக்கு அதன் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கடலுக்கடியிலும் புகைப்பவர் உண்டு. பசிபிக்கின் கிழக்குப் பகுதியில் 1979இல் அல்வின் என்ற நீர்மூழ்கியில் இறங்கியவர்கள், தரையில் முளைத்த கற்குழாய்களிலிருந்து கறுப்பாக ஏதோ பொங்குவதைக் கண்டார்கள். 350 பாகை செல்சியசுக்கும் மேலான வெந்நீர் அது. கரைந்திருந்த உலோகங்கள் குளிர்நீர் பட்டதும் கரும்பொடியாகப் பிரிந்ததே புகையாகத் தெரிந்தது. இந்து சமுத்திரத்தின் நடுவிலும் 2000ஆம் ஆண்டில் ஜப்பானியர் அப்படியொரு களத்தைக் கண்டு கைரே என்று பெயரிட்டார்கள். மன்னார் வளைகுடாவில் கரும்புகைக் குழாய் இல்லை. ஆனால் அதன் அடித்தரையில் எரிவாயு இருக்கிறது. 2011இல் கெயார்ன் நிறுவனம் தோண்டிய கிணறுகளில், டொராடோ, பராகுடா என்று பெயரிட்ட இரண்டில் வாயு கிடைத்தது. அது இன்னும் வெளியே எடுக்கப்படவில்லை. கரையில் உள்ள பெண்கள் விறகு பொறுக்குகிறார்கள்.

இந்தப் பேச்சு போக வேண்டிய இடம் அந்த விறகடுப்புதான்.

புகை ஏன் இத்தனை வேலைக்கு உதவுகிறது? எரிந்தும் எரியாமலும் இருக்கும் விறகிலிருந்து பீனோல்களும் போமல்டிகைட்டும் இன்னும் நூற்றுக்கணக்கான சேர்மங்களும் கிளம்புகின்றன. அவை இறைச்சியில் கிருமியைக் கொல்கின்றன, பூச்சியை விரட்டுகின்றன, தேனீயின் உணர்வை மழுங்கடிக்கின்றன. உயிருக்கு ஒவ்வாதது என்பதே புகையின் தொழிற்றிறன். அதே பொருள் மனித நுரையீரலுக்குள் போனால் அங்கே மட்டும் நல்ல பிள்ளையாக இருக்காது. தேன்காரரும் மாடு மேய்ப்பவரும் வாழைக்குலை பழுக்கவைப்பவரும் இதைப் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் அல்லர். ஆயினும் காற்றின் பக்கம் பார்த்து விலகி நின்றார்கள். விலகி நிற்காதவர்கள் இருவர். ஒருவர் விரும்பிப் பத்துகிறவர். மற்றவர் சமைக்கிறவர்.

முதலாமவர்மேல் நாட்டின் கவனம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை 2003இலேயே இலங்கை ஏற்றது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் விளம்பரத்தைத் தடுத்தது, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதைக் குற்றமாக்கியது, மூடிய பொது இடங்களில் புகைப்பதை நிறுத்தியது. 2015 முதல் சிகரெட் பெட்டியின் 80 சதவீதத்தை எச்சரிக்கைப் படங்கள் மூடுகின்றன. ஆனாலும் 2015 வாக்கில் எடுத்த தேசிய ஆய்வில் ஆண்களில் 29 சதவீதத்தினர் புகைப்பவராக இருந்தார்கள். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

அந்தப் பெண்களின் கணக்கு உண்மையில் அப்படியா? 2012ஆம் ஆண்டின் சனத்தொகைக் கணக்கெடுப்பில், நாட்டின் நான்கில் மூன்று பங்குக்கும் மேலான வீடுகளில் விறகே முதன்மை எரிபொருள். 2022இல் எரிவாயுச் சிலிண்டருக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற பிறகு, எரிவாயுவுக்கு மாறியிருந்த வீடுகளும் விறகுக்குத் திரும்பின. 1990க்குப் பின் மடுக் கோயில் வளவில் தஞ்சமடைந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் மூன்று கல் வைத்துத்தான் சமைத்தன. மழையில் நனைந்த விறகும் தறப்பாள் கூரையும் சேர்ந்தால் உள்ளே என்ன நடக்கும் என்பதை அங்கே இருந்த எந்தத் தாயும் சொல்வாள். மீள்குடியேறிய பின் கல்வீடு வந்தது. பல இடங்களில் அடுப்பு பின்புறத்து ஓலைக் கொட்டிலில் அப்படியே இருக்கிறது.

வீட்டுக்குள் புகையும் எரிபொருளால் உலகில் 2020ஆம் ஆண்டில் மட்டும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு, மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய், குழந்தைகளின் நியூமோனியா ஆகியவை அதன் வழிகள். கண்ணில் புரை விழுவதற்கும் அதில் பங்கு உண்டு. சிகரெட்டைத் தொடாத பெண்ணுக்குப் புகைப்பவரின் நுரையீரல் வாய்க்கிறது. எந்தக் கணக்கெடுப்பும் அவளைப் புகைப்பவர் என்று எழுதுவதில்லை. எழுதாததால் அவளுக்கான எச்சரிக்கைப் படமும் இல்லை, சட்டமும் இல்லை.

திருத்த வழி உண்டு என்பதற்குச் சீனாவில் சான்று இருக்கிறது. யுன்னான் மாகாணத்தின் சுவான்வெய் பகுதியில், புகை மண்டும் நிலக்கரியை வீட்டுக்குள் குழியில் எரித்துச் சமைத்த பெண்களிடையே, அவர்கள் சிகரெட் பிடிக்காதவர்களாக இருந்தும், நுரையீரல் புற்றுநோய் நாட்டிலேயே மிக அதிகமாக இருந்தது. 1970களிலிருந்து அங்கே புகைபோக்கி வைத்த அடுப்புகள் பரவின. அந்த வீடுகளை நெடுங்காலம் தொடர்ந்து பார்த்து 2002இல் வெளியிட்ட ஆய்வு, புகைபோக்கி வைத்தவர்களிடையே அந்தப் புற்றுநோய் தெளிவாகக் குறைந்ததைக் காட்டியது. எரிபொருள் மாறவில்லை. புகை போகும் வழி மாறியது.

இலங்கையிலும் நல்ல தொடக்கம் ஒன்று நடந்தது. 1980களில் உருவான 'அனகி' களிமண் அடுப்பு ஒரே நெருப்பில் இரண்டு சட்டி வைக்க இடம் தருகிறது, விறகை மிச்சப்படுத்துகிறது, விலையும் குறைவு. குயவர்கள் பல மாவட்டங்களில் அதைச் செய்து விற்கிறார்கள். ஆனால் அதற்குப் புகைபோக்கி இல்லை. மிச்சப்பட்ட விறகின் அளவுக்குப் புகை குறையும், மீதிப் புகை முகத்துக்கு நேரேதான் வரும். அந்த அடுப்புக்கு மேலே கூடொன்றும் குழாயொன்றும் சேர்க்க ஊர் மேசனுக்கு இரண்டு நாள் வேலைகூட ஆகாது.

ஆகவே மடுவைச் சூழ்ந்த பங்குகளுக்கும் கோயில் சபைகளுக்கும் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் மாதர் சங்கங்களுக்கும் இந்த மேடையிலிருந்து வைக்கும் வேண்டுகோள்கள் இவை. வன்னியில் இனி எழும்பும் ஒவ்வொரு வீட்டின் செலவுப் பட்டியலிலும், கதவையும் யன்னலையும் எழுதுவது போலப் புகைபோக்கியையும் எழுதுங்கள். யாத்திரிகர் விடுதிகளின் பொதுச் சமையலறைகளில் முதலில் அதைக் கட்டிக் காட்டுங்கள். ஆவணித் திருவிழாவுக்கு வரும் இலட்சக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும். வைத்தியசாலையில் இருமலோடு வந்து நிற்கும் ஆணிடம் 'பத்துவீர்களா' என்று கேட்கும் வைத்தியர்கள், அதே இருமலோடு வரும் பெண்ணிடம் 'வீட்டில் எதில் சமைக்கிறீர்கள், புகை எந்தப் பக்கம் போகிறது' என்று கேட்டு, அந்தப் பதிலையும் அவளுடைய அட்டையில் எழுதிவையுங்கள்.